எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஐ.ஏ. யார்? அந்தப் பெயர் எப்படி வந்தது?

மாதங்கி அருட்பிரகாசம் என்பது அவருடைய இயற்பெயர். வீட்டாரும் நண்பர்களும் மாயா என்று அழைப்பார்கள். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு 1975 ஜூலை 18 அன்று மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ராப் பாடகர், பாடலாசிரியர், ஓவியர், காணொளி இயக்குநர் என்று பல முகங்கள் அவருக்கு உண்டு. 'எம்.ஐ.ஏ.' என்பது, போர்க்களத்திலிருந்து திரும்பாமலும் இறந்ததாக உறுதிப்படாமலும் இருப்பவரைக் குறிக்கும் 'மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்' என்ற ஆங்கில இராணுவச் சொல்லின் சுருக்கமாகும். அவர் வசித்த ஆக்டன் என்ற லண்டன் பகுதியின் பெயரும் அதற்குள் சிலேடையாக ஒளிந்திருக்கிறது. இலங்கையில் தன் உறவினர் ஒருவர் காணாமற்போனதும் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மேலைநாட்டு ரசிகருக்கு இது ஒரு விறைப்பான மேடைப்பெயர் மட்டுமே. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லை ஒவ்வொரு நாளும் கேட்டு வாழும் குடும்பங்களில் அது வேறு கனத்துடன் ஒலிக்கும்.

அவருடைய தந்தை விடுதலைப் புலியா?

இல்லை. மாயாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வந்த பிழை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தை அருட்பிரகாசம் ஒரு பொறியாளர். 'அருளர்' என்ற பெயரில் இயங்கிய அவர், 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் என்ற ஈழப் புரட்சிகர மாணவர் இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். மார்க்சியச் சாய்வு கொண்ட அவ்வியக்கம் பாலஸ்தீனப் போராளிகளுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு லெபனானுக்குப் பயிற்சிக்கு ஆட்களை அனுப்பியது; முதலில் சென்றவர்களில் அருளரும் ஒருவர். புலிகள் இயக்கம் வேறு, ஈரோஸ் வேறு. எண்பதுகளின் ஈழ அரசியலை ஓரளவு அறிந்தவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் லண்டன், நியூயார்க் பத்திரிகைகளுக்கு ஆயுதம் ஏந்திய தமிழர் அனைவரும் 'டைகர்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டார்கள். அந்த அடைமொழி மகளின் மீதும் ஒட்டிக்கொண்டது.

தமிழ் வாசகர்களுக்கு அருளர் ஒரு நாவலாசிரியராகவும் அறிமுகமானவர். 1977 இனக்கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து அகதிகளை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலைப் பற்றி அவர் எழுதிய 'லங்கா ராணி' 1978இல் வெளிவந்தது. 2019 டிசம்பரில் அவர் காலமானார்.

தந்தைக்கும் மகளுக்கும் இடையே இருந்த உறவு மிக மெல்லியது. பாதுகாப்புக் கருதி அவர் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகளிடம் 'மாமா' என்றே அறிமுகப்படுத்தப்பட்டார் என்று மாயா நினைவுகூர்ந்திருக்கிறார். தன் முதல் இசைத்தொகுப்புக்கு 'அருளர்' என்று பெயரிட்டதன் பின்னாலும் ஓர் எளிய ஆசை இருந்தது: அவர் என்றாவது தன் பெயரை இணையத்தில் தேடினால் மகளின் பாடல்கள் கண்ணில் படட்டும் என்பதே அது. தந்தையிடமிருந்து மறுமொழி வந்ததாம், தொகுப்பின் பெயரை மாற்றச் சொல்லி. மகள் மாற்றவில்லை.

இளமைக்காலம் எங்கே கழிந்தது?

ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. கன்னியர் மடப் பள்ளியில் படித்தார். போர் மூண்ட பிறகு குடும்பம் சிறிது காலம் சென்னையில், ஏறக்குறைய இடிந்த நிலையிலிருந்த ஒரு வீட்டில், வறுமையோடு வாழ்ந்தது. மீண்டும் யாழ்ப்பாணம் சென்று, அங்கும் இருக்க முடியாமல் 1986இல் தாயும் மூன்று பிள்ளைகளும் லண்டனில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தார்கள். மாயாவுக்கு அப்போது பதினொரு வயது நிறைந்துகொண்டிருந்தது. தந்தை உடன் செல்லவில்லை.

தென் லண்டனின் மிட்சம் பகுதியில் உள்ள ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. வெள்ளை இனவெறி வெளிப்படையாகவே நடமாடிய இடம் அது. தாய் கலா தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியைத் திருடர்கள் கொண்டுபோய்விட, அதன்பின் அடுத்த வீட்டிலிருந்து சுவர் வழியே வந்த பாட்டைக் கேட்கத் தொடங்கியதாகவும், அப்படித்தான் ஹிப்-ஹாப் தனக்கு அறிமுகமானது என்றும் மாயா சொல்லியிருக்கிறார். பப்ளிக் எனிமி போன்ற அமெரிக்கக் கறுப்பினக் குழுக்களின் பாட்டு ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத ஒரு யாழ்ப்பாணச் சிறுமிக்கு முதலில் தாளமாகவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பொருள் பின்னால்தான் வந்திருக்கும். அவருடைய பாடல்களில் இன்றும் சொல்லைவிடச் சொல்லின் ஓசை முந்தி நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஓவியம் படித்தவர் இசைக்கு எப்படி வந்தார்?

புகழ்பெற்ற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் நுண்கலையும் திரைப்படமும் படித்து 2000இல் பட்டம் பெற்றார். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவருடைய தோழி. அக்குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டை வடிவமைத்ததோடு, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் மாயா உடன் சென்றார். அந்தப் பயணத்தில் தொடக்க நிகழ்ச்சி வழங்கிய பீச்சஸ் என்ற கலைஞர், ரோலண்ட் எம்சி-505 என்ற கருவியைக் காட்டி, இதை வைத்து நீயே தனியாகப் பாட்டுச் செய்யலாமே என்று தூண்டினார். ஒரு பெட்டி, அதில் தாளமும் அடிநாதமும் பதிவும் அடக்கம். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கப் பணமில்லாத ஒருவருக்கு வேறென்ன வேண்டும்.

இடையில் இலங்கை இளைஞர்களின் வாழ்க்கையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முயன்றார், அது முடியவில்லை. அச்சு வெட்டித் தெளித்த வண்ண ஓவியங்களில் புலி, தென்னை, துப்பாக்கி ஆகியவற்றை வரைந்து 2001இல் கண்காட்சி வைத்தார். 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளியான 'கலாங்' என்ற பாட்டு இணையத்தில் பரவி, எக்ஸ்எல் இசை நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தது. 2005இல் வெளிவந்த 'அருளர்' அவ்வாண்டு பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது.

அவர் உண்மையிலேயே ராப் பாடகர்தானா?

அமெரிக்க ராப் மரபின் அளவுகோலை வைத்தால் பலருக்கு இதில் ஐயம் வரும். சொல்லுக்குள் சொல் அடுக்கி, மூச்சுவிடாமல் கதை சொல்லும் திறமை அவருடையதன்று. அவருடைய பலம் வேறிடத்தில் இருக்கிறது: சிறுவர் விளையாட்டுப் பாட்டைப் போல் ஒட்டிக்கொள்ளும் குறுந்தொடர்கள், எதிரும் புதிருமான ஒலிகளை அருகருகே வைக்கும் துணிச்சல், பாட்டு, படம், உடை, ஓவியம் அனைத்தையும் ஒரே கையால் செய்யும் ஒருமை. ஜே-ஸீ, கன்யே வெஸ்ட், டி.ஐ., லில் வெய்ன் ஆகிய நால்வரும் சேர்ந்து பாடிய 2008ஆம் ஆண்டுப் பாட்டு அவருடைய ஒரே ஒரு வரியை அடித்தளமாக வைத்தே கட்டப்பட்டது. அந்த நால்வர் அவரை ஏற்றுக்கொண்ட பிறகு நாம் தனியாகச் சான்றிதழ் வழங்க வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கையும் சொல்லிவிடலாம். தொடக்க காலத்தில் அவருடைய துணைவராகவும் சக இசையமைப்பாளராகவும் இருந்த டிப்லோவே இந்த இசையின் உண்மையான மூளை என்று பல விமர்சகர்கள் எழுதினார்கள். ஒரு பெண், அதுவும் அகதிப் பெண், தானே யோசித்திருப்பாள் என்று நம்ப ஏன் இவ்வளவு தயக்கம் என்று 2007இல் ஒரு நேர்காணலில் மாயா சீறினார். 'கலாங்' டிப்லோவைச் சந்திப்பதற்கு முன்பே வெளிவந்துவிட்டது என்ற ஒரு தகவலே இந்த விவாதத்தை முடித்திருக்க வேண்டும், ஆனாலும் முடியவில்லை.

துப்பாக்கிச் சத்தம் வரும் அந்தப் பிரபலப் பாடல் வன்முறையைத் தூண்டுகிறதா?

'பேப்பர் பிளேன்ஸ்' என்ற அப்பாட்டின் பல்லவியில் நான்கு துப்பாக்கி வெடிகளும், அவற்றை அடுத்துக் கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் ஒலியும் வருகின்றன. தி கிளாஷ் என்ற ராக் குழுவின் பழைய பாடல் ஒன்றின் அடிநாதம் பின்னணியில் ஓடுகிறது. பல்லவியில் சேர்ந்து பாடுவது தென் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்கள். இது பிறந்த சூழலைத் தெரிந்துகொண்டால் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 2006இல் அமெரிக்காவில் தங்கி அடுத்த தொகுப்பை உருவாக்கத் திட்டமிட்டிருந்த மாயாவுக்கு விசா கிடைக்காமல் இழுபறியானது. விசா செய்து தருகிறேன் வாருங்கள் என்று அப்பாட்டில் பேசும் குரல், எல்லைக் காவலர்கள் புலம்பெயர்ந்தவரைப் பார்த்ததும் மனத்தில் வரைந்துகொள்ளும் கேலிச்சித்திரத்தின் குரல். நீங்கள் பயப்படும் ஆள் நான்தான் என்று அது நையாண்டி செய்கிறது. நையாண்டியைப் புரிந்துகொள்ளாதவர் வெடிச்சத்தத்தை மட்டுமே கேட்பார்.

அமெரிக்கத் தொலைக்காட்சி அதையும் கேட்கவிடவில்லை. 2007இல் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் பாடியபோது வெடியோசை மாற்றப்பட்டு வேறு ஏதோ ஒலி வந்தது. மேடையில் நின்ற அவர் திகைத்ததைப் பார்க்கலாம். ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்ற பிறகு, 2008இல் அப்பாட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது.

தமிழ்த் திரைப்பாடல்களை அவர் பயன்படுத்தியிருக்கிறாரா?

ஆம், பெயர் சொல்லியே பயன்படுத்தியிருக்கிறார். அமெரிக்க விசா கைவிட்டதனால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவுசெய்த தொகுப்புதான் 2007இல் வெளியான 'கலா'. தாயின் பெயர் அது. அதன் முதல் பாட்டு இளையராஜாவின் 'காட்டுக்குயிலு மனசுக்குள்ள' என்ற பாட்டின் தாளத்தில் தொடங்குகிறது. 1991இல் 'தளபதி' படத்துக்காக எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் யேசுதாசும் பாடிய பொங்கல் பாட்டுத்தான் அது. தொகுப்பின் உரிமைக் குறிப்பில் இளையராஜாவின் பெயர் முறையாக இருக்கிறது. 2003இல் வெளிவந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டு ஒன்றின் மேளத்தை 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் கேட்கலாம். சென்னையில் மேளக்காரர்களை வைத்துப் பதிவுசெய்த உறுமி தொகுப்பின் பல இடங்களில் உறுமிக்கொண்டே இருக்கிறது. 1982ஆம் ஆண்டு இந்திப் படமான 'டிஸ்கோ டான்ஸர்' பாட்டு ஒன்றையும் அவர் திரும்பப் பாடியிருக்கிறார். எண்பதுகளில் அந்தப் பாட்டுக்கு ஆடாத ஊர் உண்டா?

மேலைநாட்டு விமர்சகர்கள் இதையெல்லாம் 'உலக ஒலிகளின் கலவை' என்று பாராட்டிவிட்டு நகர்ந்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழ் 2007இன் சிறந்த தொகுப்பாக இதையே தேர்ந்தெடுத்தது. தமிழ்க் காது கொண்டு கேட்பவருக்கு அனுபவம் வேறு. மியூசிக் ஸ்கூலில் கற்ற கர்நாடக இசையையோ வீணையையோ அவர் 'தமிழ்ப் பண்பாடு' என்று காட்சிக்கு வைக்கவில்லை. சாவு வீட்டிலும் கோயில் கொடையிலும் அடிக்கும் தோல்கருவியையும், டீக்கடை ஒலிபெருக்கியில் கேட்ட சினிமாப் பாட்டையும் எடுத்தார். இந்தத் தேர்வில் அவருடைய அரசியல் எந்த மேடைப் பேச்சிலும் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடியது உண்மையா?

உண்மை. 2009 பிப்ரவரி 8 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் கிராமி விழாவில், மருத்துவர்கள் குறித்துக் கொடுத்த பேறுகாலத் தேதியன்றே, கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் போட்ட வலையுடையில் மேற்சொன்ன நான்கு ராப் பாடகர்களுடன் மேடையேறினார். சில நாள்களில் மகன் பிறந்தான். 'பேப்பர் பிளேன்ஸ்' அவ்விழாவில் ஆண்டின் சிறந்த பாடல்பதிவு விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. விருது வேறொருவருக்குச் சென்றது. அதே மாதம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமானுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஓ சாயா' ஆஸ்கருக்கும் போட்டியிட்டது; வென்றது அதே படத்தின் 'ஜெய் ஹோ'.

2009இல் ஈழப்போரைப் பற்றி அவர் என்ன பேசினார்? அவர் புலி ஆதரவாளரா?

வாழ்க்கையில் அதிக வெளிச்சம் அவர்மீது விழுந்த அதே வாரங்களில் வன்னியில் மக்கள் குண்டுமழையில் சிக்கியிருந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் கிராமி உடையைப் பற்றிக் கேட்க அழைத்தவர்களிடம் அவர் வன்னியைப் பற்றிப் பேசினார். நடப்பது இனப்படுகொலை என்றார். இலங்கை அரசுத் தரப்பு, அவருக்கு விவரம் தெரியாது, பாட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்று மறுமொழி கூறியது. டைம் இதழ் அவ்வாண்டின் செல்வாக்கு மிக்க நூறு பேரில் அவரைச் சேர்த்தது. மே மாதம் போர் முடிந்தது.

புலி ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. டிலான் என்ற இலங்கை வம்சாவளி அமெரிக்க ராப் பாடகர் 2008இல் அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று சாடிக் காணொளி வெளியிட்டார். தான் எக்காலத்திலும் பயங்கரவாதத்தை ஆதரித்ததில்லை என்றும், குண்டுவீச்சிலிருந்து தப்பியோடிய அகதியின் குரலே தன் இசை என்றும் மாயா பதிலளித்தார். புலி உருவத்தை ஓவியங்களிலும் தொகுப்பின் அட்டைகளிலும் அவர் தாராளமாகப் பயன்படுத்தியது உண்மை. அந்த உருவம் சிங்கள, முஸ்லிம் மக்களுக்கும், புலிகளால் பாதிக்கப்பட்ட தமிழருக்கும் என்ன பொருள் தரும் என்பதை அவர் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்றது; அரசு மருத்துவமனைகள்மீது குண்டு வீசியதாகவும், புலிகள் மக்களைக் கேடயமாக வைத்துத் தப்பியோடியவர்களைச் சுட்டதாகவும் இரு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளை அது பதிவுசெய்தது. மாயாவின் பேச்சில் இந்த இரண்டாம் பாதி அரிதாகவே வந்தது. ஆனால் முதல் பாதியை உலகின் மிகப் பெரிய தொலைக்காட்சிகளில் அந்த வாரங்களிலேயே சொன்ன ஒரே பிரபலம் ஏறக்குறைய அவர்தான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

உருளைக்கிழங்கு வறுவல் விவகாரம் என்பது என்ன?

2010இல் 'பார்ன் ஃப்ரீ' என்ற பாட்டுக்கு ரொமெய்ன் கவ்ராஸ் இயக்கிய ஒன்பது நிமிடக் காணொளி வெளியானது. சிவந்த தலைமுடி கொண்டவர்களை மட்டும் ஆயுதப் படையினர் வீடு வீடாகத் தேடிப் பிடித்துச் சென்று கொல்வதாக அமைந்த அதை யூடியூப் சில நாடுகளில் முடக்கியது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் எழுதிய நீண்ட கட்டுரை, புரட்சி பேசும் பாடகி விலையுயர்ந்த டிரஃபிள் காளான் மணம் ஏற்றிய உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்தபடி பேசியதாகச் சித்திரித்து அவரை வேடதாரியாக்கியது. மாயா கோபத்தில் கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணை ட்விட்டரில் போட்டுவிட்டார். அது தவறு, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவர் தானும் உரையாடலைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அந்த வறுவலை வரவழைக்கலாம் என்று முதலில் சொன்னவர் கட்டுரையாளரே என்பது அந்த ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்டது. நேர்காணலின் வெவ்வேறு இடங்களில் சொன்னவற்றை ஒரே மேற்கோளாகச் சேர்த்திருந்ததை ஒப்புக்கொண்டு இதழும் குறிப்பு வெளியிட்டது.

வறுவல் தின்றவருக்கு அகதிகளைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்ற தர்க்கத்தை நம்மூரிலும் கேட்டிருக்கிறோம். காரில் வருகிறவர் ஏழையைப் பற்றிப் பேசலாமா என்பார்கள். அதே கட்டுரை அவருடைய அரசியல் அறிவு மேலோட்டமானது என்று எழுப்பிய விமர்சனத்தில் ஓரளவு பொருள் இருந்தது. வறுவல் புகையில் அது மறைந்துபோனது.

சூப்பர் பௌல் போட்டியில் நடந்தது என்ன?

2012 பிப்ரவரி 5 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் மடோனா, நிக்கி மினாஜ் ஆகியோருடன் பாடிய மாயா, கேமராவைப் பார்த்து ஒரு நொடி நடுவிரலை நீட்டினார். ஏறக்குறைய 11 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்த நேரலை அது. ஒளிபரப்பியவர்கள் படத்தை மங்கலாக்குவதற்குள் விரல் மடங்கிவிட்டது. தேசியக் கால்பந்துக் கழகம் முதலில் 15 லட்சம் டாலரும், பின்னர் அதையும் சேர்த்து மொத்தம் 166 லட்சம் டாலரும் இழப்பீடாகக் கேட்டது. அந்த மேடைக்காக அவர் ஊதியம் எதுவும் பெற்றிருக்கவில்லை. 2014இல் விவரங்களை வெளியிடாமல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

அது மாதங்கி முத்திரை என்றும் அவர் பின்னாளில் விளக்கம் சொன்னார். தன் பெயருக்குரிய தெய்வத்தைப் பற்றி அப்போதுதான் தேடிப் படித்து, 2013இல் 'மாதங்கி' என்ற தொகுப்பையும் வெளியிட்டிருந்தார். இரு கைகளையும் கோத்து நடுவிரல்களை நிமிர்த்தும் முத்திரை ஒன்று உண்டு என்பது சரிதான். ஒற்றைக் கையால் காட்டுவது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று கேட்டால் அவரே சிரித்துவிடுவார்.

கறுப்பின மக்கள் விழாவிலிருந்து அவர் ஏன் நீக்கப்பட்டார்?

2015இல் அகதிப் படகுகளையும் முள்வேலிகளையும் காட்டும் 'பார்டர்ஸ்' காணொளியை அவரே இயக்கி வெளியிட்டார்; அதில் விமான நிறுவன விளம்பரத்தைக் கேலி செய்து மாற்றிய சட்டை ஒன்றை அணிந்ததற்காகப் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் கால்பந்துக் கழகம் காணொளியை நீக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. மறு ஆண்டு லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், கறுப்பின உயிர்களைப் பற்றிப் பேசும் பியான்சேயும் கெண்ட்ரிக் லமாரும் முஸ்லிம் உயிர்களைப் பற்றியும் சிரிய உயிர்களைப் பற்றியும் பேசுவார்களா என்று கேட்டார். யார் துயரத்துக்கு அமெரிக்க ஊடகம் இடம் தருகிறது என்பதே தன் கேள்வி என்று அவர் விளக்கினாலும், ஒரு மக்களின் துயரத்தை இன்னொன்றுக்கு எடைக்கல்லாக வைத்த அப்பேச்சு புண்படுத்தியது. லண்டன் ஆஃப்ரோபங்க் விழாவின் முதன்மைக் கலைஞர் என்ற இடத்திலிருந்து அவர் விலக நேர்ந்தது.

தடுப்பூசி பற்றி அவர் சொன்னவை என்ன?

2020 மார்ச்சில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, தடுப்பூசியையும் உடலில் செலுத்தும் மின்னணுச் சில்லையும் ஏற்பதைவிடச் சாவதே மேல் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். 5ஜி அலைகளைப் பற்றியும் அச்சங்களைப் பகிர்ந்தார். பிரிட்டிஷ் வோக் இதழ் அவரைப் பற்றி வெளியிட இருந்த பக்கங்களைக் கைவிட்டது. 2022இல், பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பொய் பரப்பியதற்காகத் தண்டம் விதிக்கப்பட்ட அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவரோடு, தடுப்பூசியை ஆதரித்த பிரபலங்களை ஒப்பிட்டார். 2024இல் மின்காந்த அலைகளைத் தடுப்பதாகச் சொல்லும் ஆடை நிறுவனத்தைத் தொடங்கினார். 5ஜி அலைகள் நோய் பரப்புகின்றன என்பதற்கு ஆதாரமில்லை. தடுப்பூசியில் சில்லும் இல்லை.

இணைய நிறுவனங்களும் அரசுகளும் கைகோத்து வேவு பார்க்கின்றன என்று அவர் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே பாடியபோது பலர் கேலி செய்தார்கள். 2013இல் அமெரிக்க அரசின் வேவுபார்ப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானபின் கேலி செய்தவர்கள் வாயடைத்தார்கள். ஒருமுறை அப்படி உண்மையானதால், தன் ஐயம் எப்போதும் சரியாகவே இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. 2009இல் அவர் சொன்னதை மறுக்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பேச்சுகளைவிடக் கைக்கு எளிதான ஆயுதம் வேறில்லை என்பதுதான் இதில் என்னை அதிகம் வருத்துவது.

மதம் மாறிவிட்டாரா?

2017இல் இயேசுவின் காட்சி தனக்குக் கிடைத்ததாகவும், அதன்பின் தான் கிறிஸ்தவராக மாறியதாகவும் 2022இல் வெளிப்படையாகச் சொன்னார்.

பிரிட்டிஷ் அரசி வழங்கிய பட்டத்தை ஏன் ஏற்றுக்கொண்டார்?

இசைப் பணிக்காக எம்.பி.இ. பட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. காலனியத்தை விமர்சிப்பவர் பேரரசின் பெயர் தாங்கிய பட்டத்தைப் பெறலாமா என்ற கேள்வி எழுந்தது இயல்பே. அவர் சொன்ன காரணம் வேறு. இந்தப் பதக்கங்களுக்கான நாடாவைக் கையால் தைக்கும் வேலையை லண்டன் வந்த நாளிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்தவர் தாய் கலா. எண்ணற்ற பிறருக்காகத் தைத்த கையின் வேலை, மகளின் சட்டையில் ஒருமுறை ஏறட்டும் என்றார். 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் அதை அணிவித்தார்.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

வாழ்க்கையை அறிய விரும்புவோர், கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவருடைய பழைய வீட்டுக் காணொளிகளைக் கொண்டு உருவாக்கி, 2018இல் சண்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்பு விருது பெற்ற ஆவணப்படத்தைப் பார்க்கலாம். பாடல்களில் 'கலா' தொகுப்பே என் பரிந்துரை. 2016இன் 'எய்ம்', 2022இன் 'மாதா' ஆகியவற்றைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆனால் முதலில் 'தளபதி' படத்தின் பொங்கல் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு, அந்த மேளம் காதில் இருக்கும்போதே 'கலா'வின் முதல் பாட்டை ஓடவிடுங்கள். சத்தத்தைச் சற்றுக் கூட்டியே வையுங்கள்.